மழை வந்தால் மௌனமாகும் பெட்டி

மாணவர்களே, மழை கொட்டும் ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கிறீர்கள். திரையில் 61 செ.மீ. என்று இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறீர்கள், 61. அரை மணி நேரம் கழித்தும் 61. தண்ணீர் ஏறவில்லை என்று நிம்மதியாகப் போய் உட்காருவீர்களா?

எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவி ஒருவரின் பாட்டி அப்படித்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பேத்தியும் அவளுடைய தோழிகளும் சேர்ந்து செய்த கருவியின் கணக்கு அது. பேத்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். இரவு ஒன்பது மணிக்குச் சமையலறைப் பக்கம் போனபோது பின்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். துணி துவைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. மறுநாள் காலை கால்வாய்ச் சுவரில் சேற்றுக் கோட்டை அளந்து பார்த்தோம். 118 செ.மீ. இருந்தது. அந்த உயரத்தைத் தண்ணீர் தொட்ட நேரத்திலும் எங்கள் பக்கம் 61 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கருவி தவறாக அளக்கவில்லை. அது அனுப்பியது எங்களுக்கு வந்து சேரவில்லை. இணைப்பு எங்கோ அறுந்திருந்தது. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் இப்போது பள்ளியிலோ போட்டிக்கோ வைஃபை உள்ள சிறு கருவிகளைச் செய்கிறீர்கள். "டீச்சர், கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்பது என் வகுப்பில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மூவாரைத் தெரிந்தவர்களுக்குக் கால்வாயைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பாரிட் ஜாவா, பாரிட் பக்கார் என்று எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களிலேயே கால்வாய் இருக்கிறது. நிலம் தாழ்வானது. மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்குச் சுமார் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. கடல் ஏறியிருக்கும்போது ஆற்று முகத்துவாரத்திலும் நீர்மட்டம் உயர்ந்துவிடும். கால்வாய்த் தண்ணீர் வடிய இடமிருக்காது. அந்த நேரம் பார்த்துக் கனமழையும் பெய்தால் தண்ணீர் பின்வாங்கி வீட்டுப் பக்கம் வரும். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் வெள்ளம் உங்களுக்கே நினைவிருக்கும்.

பெரிய ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை தானியங்கி நிலையங்கள் வைத்து அளக்கிறது. மூவார் ஆற்றுக்கே மேல்பகுதியில் பூலோ காசாப்பில் நிலையம் உண்டு. 'இன்ஃபோபஞ்சிர்' அகப்பக்கத்தில் நார்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்ற நான்கு நிலைகளில் அந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். வெள்ள நேரத்தில் நம்ப வேண்டியது அதைத்தான், எங்கள் பெட்டியை அல்ல. ஆனால் பள்ளிக்குப் பின்னால் ஓடும் சின்னக் கால்வாய்க்கு அப்படி நிலையம் கிடையாது. அதனால்தான் நாங்களே ஒன்று செய்யலாம் என்று இறங்கினோம்.

பெட்டிக்குள் இருப்பது இரண்டே பொருள்கள். ஒன்று, மீயொலி உணரி. கால்வாயின் அடியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் தொங்கும் அது, நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. தண்ணீர் 61 செ.மீ. ஆழம் இருந்தால் உணரிக்கும் தண்ணீருக்கும் இடையே 139 செ.மீ. ஒலி போய்வர 278 செ.மீ. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 348 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 8 மில்லிநொடி வரும். இரண்டாவது பொருள், இஎஸ்பி32 என்னும் நுண்கட்டுப்படுத்தி. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது. உணரி சொல்லும் எண்ணை எடுத்து, பள்ளி ஆய்வுக்கூட ரூட்டர் வழியாக, இணையத்தில் உள்ள ஒரு செர்வருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது அதன் வேலை.

இத்தகைய கருவிகளுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. கணினியில் இணையம் போனால் ஒரு செய்தியாவது தோன்றும். இது பேசாமல் நின்றுவிடும். சிக்கல் இங்கேதான்.

எல்லாவற்றையும் மாற்றிய தவறு

மறுநாள் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு மாணவன் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகினான். இன்னொருவன் கம்பியையே மாற்றினான். நான் என் பங்குக்கு நிரலைத் திருத்தி மீண்டும் ஏற்றினேன். யாரோ ரூட்டரையும் அணைத்துப் போட்டார்கள். பெட்டி உடனே வேலை செய்தது. எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த வாரம் மழை வந்தது. பெட்டி மீண்டும் மௌனம்.

நான்கு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால், எது பலன் தந்தது என்று தெரியாது. அதைவிட மோசம், அவற்றில் எதுவுமே பலன் தராமல், வெறுமனே மழை நின்றதால்கூட அது சரியாகியிருக்கலாம். உங்கள் அறிவியல் நூலில் 'தற்சார்பு மாறி ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்' என்று படிவம் ஒன்றிலிருந்தே படிக்கிறீர்கள். நான் அதைக் கற்றுக்கொடுப்பவள். அன்று எனக்கே மறந்துவிட்டது.

அணைத்துப் போடுவதும் தவறில்லை, பல நேரம் அதுதான் மருந்து. ஆனால் கருவி மௌனமாக இருக்கும் அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் இருக்கும் தகவல்தான் நமக்குச் சாட்சி. விளக்கு எரிகிறதா, எப்படிச் சிமிட்டுகிறது, ரூட்டரின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று குறித்துக்கொண்ட பிறகு அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம்.

சங்கிலியில் எந்தக் கண்ணி?

இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கினோம். பெட்டியிலிருந்து பாட்டியின் கைப்பேசி வரைக்கும் உள்ள பாதையை வெண்பலகையில் வரைந்தோம். மின்சாரம், வைஃபை அலை, கடவுச்சொல், முகவரி, செர்வரின் பெயர், செர்வர். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் அலை இல்லை, அலை இல்லாமல் முகவரி இல்லை. ஆகவே 'ஏன் வேலை செய்யவில்லை?' என்பது பயனில்லாத கேள்வி. 'எதுவரை வேலை செய்கிறது?' என்று கேட்க வேண்டும்.

கருவியைப் பேச வைப்பது முதல் வேலை. யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, நிரலின் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சிடச் செய்தோம். விழித்தேன், வைஃபையைத் தேடுகிறேன், கிடைத்தது, முகவரி வாங்கினேன், அனுப்பினேன், பதில் வந்தது. இந்த ஆறு வரிகளைச் சேர்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

மின்சாரத்தில் பலர் ஏமாறுவார்கள். விளக்கு எரிந்தால் மின்சாரம் போதும் என்று நினைப்பார்கள். வைஃபை அலையை அனுப்பும் கணங்களில் மட்டும் இஎஸ்பி32 பல மடங்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும்; அதனால்தான் தயாரிப்பாளர்கள் குறைந்தது 500 மில்லியாம்பியர் தரக்கூடிய மின்வழங்கியைக் கேட்கிறார்கள். மெல்லிய நீளமான கம்பிக்கு மொத்தம் 1 ஓம் தடை இருந்தால், 0.5 ஆம்பியர் ஓடும்போது ஓமின் விதிப்படி கம்பியிலேயே 0.5 வோல்ட் போய்விடும். மின்னழுத்தம் ஒரு கணம் விழும், சில்லு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், மீண்டும் அலை அனுப்ப முயலும், மீண்டும் விழும். வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்படி நடந்தால் 'பிரவுன்அவுட்' என்ற சொல் அச்சிட்ட வரிகளில் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே மின்சாரம் குற்றவாளி இல்லை.

அடுத்து, வைஃபையின் பெயரைக் கருவி பார்க்கிறதா? இங்கே உங்களில் பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இன்றைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகளில் ஒலிபரப்புகின்றன. கைப்பேசிக்கு இரண்டும் தெரியும். இஎஸ்பி32-க்கு 2.4 மட்டுமே தெரியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 5-ல் வைத்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று அழுத ஒரு படிவம் இரண்டு மாணவனை எனக்குத் தெரியும். பெயரே தெரியாதபோது கருவி 1 என்ற நிலை எண்ணைத் தரும், இணைந்துவிட்டால் 3. அந்த எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். கடவுச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூட இணைப்பைத் தடுக்கும்.

முகவரி என்றால் ரூட்டர் தற்காலிகமாகக் கொடுக்கும் ஐபி எண். 192.168.1.37 போல ஏதாவது வந்தால் சரி. 0.0.0.0 என்றே நின்றால் ரூட்டர் கொடுக்கவில்லை என்று பொருள்; பலரும் சேர்ந்து ஒரே ரூட்டரில் இணைந்து எண்கள் தீர்ந்துபோயிருக்கலாம். முகவரி கிடைத்துவிட்டால், கணினியிலிருந்து 'பிங்' அனுப்பிப் பார்க்கலாம். 'இருக்கிறாயா?' என்று கேட்டு, 'இருக்கிறேன்' என்ற பதிலுக்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளக்கும் சிறு நிரல் அது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் ஓசையை வைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். எங்கள் பெட்டி கால்வாய்த் தண்ணீரிடம் கேட்பதும் அதே கேள்விதான்!

செர்வர் வரைக்கும் போய்த் தோற்பதும் உண்டு. அதில் ஒரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பாதுகாப்பான இணைப்பில் செர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். இத்தகைய கருவிகள் பலவற்றில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் அவை 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு விழிக்கும். சான்றிதழின் தொடக்கத் தேதியே அவற்றுக்கு எதிர்காலத்தில் இருக்கும். ஆகவே செல்லாது என்று கதவைச் சாத்திவிடும். முதலில் இணையத்திலிருந்து நேரத்தைக் கேட்டு வாங்கிவிட்டால் சரியாகும். இதன் மறுபக்கம் 2021 செப்டம்பர் 30 அன்று நடந்தது. உலகின் ஏராளமான அகப்பக்கங்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றால் அன்றிலிருந்து அந்தப் பக்கங்களைத் திறக்க முடியவில்லை. கருவியில் எதுவும் உடையவில்லை. தேதி மட்டும் மாறியது.

மழையா, வேறெதுவுமா?

எங்கள் பெட்டி அச்சிட்ட வரிகளைப் பார்த்தபோது, நல்ல வெயில் நாளில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. மழை நாளில் இரண்டாம் வரியிலேயே நின்றது. 'வைஃபையைத் தேடுகிறேன்', அதோடு சரி. ஆகவே அறுந்த கண்ணி எது என்று தெரிந்துவிட்டது. செர்வரையும் நிரலையும் குறைசொல்லத் தேவையில்லை. பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள சுமார் 25 மீட்டர் காற்றில்தான் ஏதோ நடக்கிறது.

"மழைதான் டீச்சர், வீட்டுல டிஷ்ஷுக்கும் அப்படித்தான் ஆகும்" என்றார்கள். நல்ல வாதம். கூரைமேல் இருக்கும் டிஷ் மழை வந்தால் படத்தை இழப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த அலை சுமார் 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 செ.மீ.; அது பல கிலோமீட்டர் ஆழமுள்ள மழையைக் கடந்து வருகிறது. நம் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 செ.மீ. சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி அதற்குப் பெரிய தடையே இல்லை. அதுவும் 25 மீட்டர் தூரத்தில் மழை விழுங்குவது அளக்கக்கூட முடியாத அளவு.

அப்படியென்றால் மழை குற்றவாளி இல்லை என்று நான் சொன்னேன். மாணவர்கள் நம்பவில்லை. மழை வரும்போதெல்லாம் பெட்டி நின்றது. அது கண்ணால் கண்ட உண்மை. இரண்டும் சரியாக இருக்க முடியுமா?

இங்கே ஓர் எண் எங்களுக்கு உதவியது. ரூட்டரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைக் கருவியே சொல்லும். அதன் அலகு டிபிஎம். எப்போதும் எதிர்ம எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் வலு அதிகம். ரூட்டருக்குப் பக்கத்தில் -30, ஓர் அறை தள்ளி -60. -80-க்குக் கீழே போனால் தடுமாற்றம், -90 அருகில் நம்ப முடியாது. ஒவ்வொரு 10 இறங்கும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 20 இறங்கினால் நூறில் ஒரு பங்கு.

அந்த எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை கருவியிலேயே சேமிக்கச் செய்து ஒரு வாரம் விட்டோம். வரைபடத்தைப் பார்த்ததும் ஆச்சரியம். மழை மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும். எண்ணும் அப்படி மெதுவாக இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கோடு படிக்கட்டு போல இருந்தது. -67-ல் நேராகப் போய், ஒரே நிமிடத்தில் -88-க்கு விழுந்து, அங்கேயே நேராகப் போய், ஒரே நிமிடத்தில் மீண்டும் -67. மழை அப்படிச் செய்யாது. யாரோ ஏதோ ஒன்றைத் திறந்து மூடுகிறார்கள்.

அந்த மாணவிதான் முதலில் பிடித்தாள். ஆய்வுக்கூடத்துக்கும் கால்வாய்க்கும் இடையில் விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறை இருக்கிறது. அதன் பின்பக்கம் இரும்பு ஷட்டர். சாதாரண நாளில் அது மேலே சுருட்டப்பட்டிருக்கும். மழை வந்தால் சாரல் உள்ளே அடித்து மெத்தைகள் நனைந்துவிடும் என்று பள்ளிக் காவலர் அண்ணன் அதை இறக்கிவிடுவார். பெட்டிக்கு வரும் அலை இத்தனை நாளும் அந்தத் திறப்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது! உலோகத் தகடு வானொலி அலையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். மீதி, பக்கத்துச் சுவரிலும் சன்னலிலும் பட்டுச் சுற்றி வந்தது. -67-க்கும் -88-க்கும் வித்தியாசம் 21. அதாவது வந்து சேரும் ஆற்றல் சுமார் 125-ல் ஒரு பங்கு.

அத்தோடு விட்டுவிடவில்லை. ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதிக்க வேண்டும். வெயில் நாளில் ஷட்டரை இறக்கச் சொன்னோம். -88, பெட்டி மௌனம். ஏற்றினோம், -67, பெட்டி பேசியது. அடுத்த மழையில் காவலர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, மெத்தைகளை நகர்த்திவிட்டு, ஷட்டரைத் திறந்தே வைத்தோம். கனமழை. எண் -67-ஐ விட்டு அசையவில்லை. மழையும் ஷட்டரும் எப்போதும் சேர்ந்தே வந்ததால் குற்றம் மழையின் தலையில் விழுந்திருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மாணவர்கள் கண்டதும் சரி, நான் சொன்னதும் சரி.

இடையில் ஒரு பொய்ச்சாட்சியும் எங்களை அலைக்கழித்தது. மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு மாணவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இங்க இண்டர்நெட் நல்லா இருக்கு டீச்சர்" என்று கைப்பேசியைக் காட்டினான். வைஃபை பலவீனமானதும் கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்தது. ஒரு கண்ணியைச் சோதிக்கும்போது மாற்றுப் பாதைகளை அடைத்துவிட்டுச் சோதியுங்கள்.

2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்டி

எங்களால் குடை பிடித்துக்கொண்டாவது பெட்டியின் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. போகவே முடியாத இடத்தில் பெட்டி இருந்தால்?

1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற தகவலை அனுப்பத் தொடங்கியது. ஒன்றும் பூஜ்யமும் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தன. அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மீண்டும் அதே அளவு. நாசா பொறியாளர்கள் செய்தது வெண்பலகையில் நாங்கள் செய்ததைத்தான். அலை வருகிறது, ஆகவே மின்சாரமும் வானலை வாங்கியும் அலைபரப்பியும் நலம். அனுப்பிய கட்டளைகளை அது ஏற்றுக்கொள்கிறது, ஆகவே கேட்கும் காதும் நலம். கெட்டிருப்பது தகவலைத் தொகுத்துக் கொடுக்கும் கணினி மட்டும்.

2024 மார்ச் 1 அன்று அந்தக் கணினியை லேசாகத் தட்டிப் பார்ப்பது போல ஒரு கட்டளை அனுப்பினார்கள். மார்ச் 3 அன்று வந்த பதில் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பிரித்துப் பார்த்தால், கணினியின் நினைவகம் முழுவதையும் அது வாசித்து அனுப்பியிருந்தது! பழைய நல்ல வாசிப்போடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு சில்லு பழுது. நினைவகத்தில் சுமார் 3 விழுக்காடு கெட்டிருந்தது. சில்லை மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி, நினைவகத்தின் மற்ற மூலைகளில் இடம் தேடி வைத்தார்கள். ஏப்ரல் 18 அன்று திருத்தத்தை அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று ஐந்து மாதங்களுக்குப் பிறகு தன் உடல்நலத்தைப் பற்றிய தகவலை வாயேஜர் ஒழுங்காகச் சொன்னது. பழைய நல்ல வாசிப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தார்களே, அதுதான் என்னைக் கவர்ந்தது. நலமாக இருக்கும்போதே எண்களைக் குறித்து வைக்காவிட்டால், நோய் வரும்போது எதோடு ஒப்பிடுவது? எங்களுக்கு -67 தெரியாமல் இருந்திருந்தால் -88 வெறும் எண்தான்.

61-ஐ என்ன செய்தோம்?

ஷட்டரைத் திறந்தே வையுங்கள் என்று காவலரிடம் சொல்வது தீர்வாகாது. மெத்தைகளும் பள்ளிச் சொத்துதான். ரூட்டரை ஆய்வுக்கூடத்தின் கால்வாய்ப் பக்கச் சன்னலுக்கு மாற்றினோம். இப்போது ஷட்டர் இறங்கினாலும் -72. செலவு, ஐந்து மீட்டர் கம்பி.

இணைப்பு அறுந்தால் அளவுகளை நேரத்தோடு சேமித்து வைத்து, மீண்டும் கிடைத்ததும் அனுப்பும்படி நிரலையும் திருத்தினோம். ஆனால் என்னை உறுத்தியது அது அல்ல. கம்பி என்றாவது அறுந்தே தீரும், மின்சாரம் போகும், ரூட்டர் கெடும். அன்று பாட்டியை ஏமாற்றியது ஷட்டர் அல்ல, பக்கத்தில் இருந்த 61. கடைசியாக வந்த எண்ணை, அது எப்போது வந்தது என்று சொல்லாமல் காட்டும்படி அந்தப் பக்கத்தை வடிவமைத்தவள் நான்தான். 'தண்ணீர் ஏறவில்லை' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தன. வானிலை, ஆற்று நீர்மட்டப் பதிவுகளில் -9999 போன்ற நடக்கவே முடியாத எண்ணைச் சில இடங்களில் நீங்கள் பார்க்கலாம். தகவல் இல்லை என்பதைக் குறிக்க வேண்டுமென்றே அதை இடுகிறார்கள், யாரும் அதை அளவு என்று நினைத்துவிடக் கூடாதென்று. பூஜ்யம் போட்டிருந்தால் நினைத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே 'கடைசியாகக் கேட்டது' என்று நேரம் சேர்த்தோம். ஐந்து நிமிடம் தாண்டினால் எண் மறைந்து, கட்டம் முழுவதும் சாம்பல் நிறமாகி, 'பெட்டி பேசவில்லை, நேரில் பாருங்கள்' என்று வரும். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது பாட்டிதான்.

போன மாதம் ஒரு மாலை மின்சாரம் தடைபட்டது. மறுநாள் காலை சபை கூடலுக்கு முன் அந்த மாணவி வந்து சொன்னாள்: "டீச்சர், நேத்து சாம்பலாயிடுச்சு. பாட்டி டார்ச் எடுத்துக்கிட்டுப் பின்னாடி போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. முட்டிக்குக் கீழதான் இருந்துச்சாம்."